ஸமாஃவுக்கு ஏற்ற இடம்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் ஸமாஃ பற்றி, அதாவது இசையோடு பாடப்படுவதைச் செவிமடுத்தல் பற்றி எழுதியுள்ள பகுதி, அது ஆகுமா ஆகாதா என்ற வழக்கின் பொருட்டே நம்மிடையே பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. இரு தரப்பாரும் தமக்கு வேண்டியதை அங்கிருந்து எடுத்துக்கொள்வர். அவ்வழக்கை முடித்தபின் இமாமவர்கள் கேட்பதன் ஒழுங்குகளைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பக்கங்களை நம்மவர் அதிகம் புரட்டுவதில்லை. காலம், இடம், உடனிருப்போர் ஆகிய மூன்றும் பொருந்தி வந்தாலன்றி ஸமாஃவில் அமர வேண்டாம் என்ற கருத்து, ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்களின் கூற்றாக அங்கே எடுத்துக்காட்டப்படுகிறது. இமாமவர்கள் அதற்கு விளக்கமும் தருகிறார்கள். உணவு வந்து காத்திருக்கும் வேளையும், பிணக்கும் வாதமும் நடக்கும் வேளையும், தொழுகை வேளையும் ஆகா. மக்கள் நடமாடும் தெருவும், பார்வைக்கு வெறுப்பூட்டும் இடமும் ஆகா. உடனிருப்போரில், எவரை எந்நேரமும் கவனித்து மரியாதை செய்தபடி இருக்க வேண்டியுள்ளதோ அத்தகைய செருக்குடைய செல்வர் ஆகார். பிறர் காண வேண்டும் என்பதற்காகவே பரவசம் கொள்பவரும் ஆகார்.

ஜுனைத் (ரஹ்) அவர்கள் மறைந்தது கி.பி. 910 இல், கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மறைந்தது 1111 இல். ஒலிபெருக்கியையும் நுழைவுச் சீட்டையும் அவர்கள் கண்டதில்லை. எனினும், பாட்டுக் கேட்பதற்காக நாம் இதுவரை சென்ற இடங்களை வரிசைப்படுத்தி எண்ணிப் பார்க்கும்போது, இவ்வளவுகோலைவிடக் கூரியது நமக்குக் கிட்டவில்லை. நம் இசை விமர்சகர்கள் பாடுபவரின் குரலை எடைபோடுவர். பாட்டின் சொல்லை எடைபோடுவர். பாட்டு நிகழ்ந்த இடத்தை எடைபோடுவது அரிது. இக்கட்டுரையில் நாம் செய்ய முயல்வது அதைத்தான். இசையின் மார்க்க நிலை பற்றிய விவாதம் இதன் பொருளன்று. அதற்கு வேறு இதழ்களும் வேறு பேனாக்களும் உண்டு.

டில்லியிலிருந்து தொடங்குவோம். ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்களின் அடக்கத்தலமும், அவர்தம் மாணவர் அமீர் குஸ்ரூவின் அடக்கத்தலமும் ஒரே வளாகத்தில் உள்ளன. ஆசிரியரும் மாணவரும் மறைந்தது ஒரே ஆண்டில், 1325 இல். இரண்டு அடக்கத்தலங்களுக்கும் இடைப்பட்ட முற்றத்தில் வியாழன் மாலை மஃரிப் தொழுகைக்குப் பின் கவ்வாலி பாடப்படுகிறது. காலம் என்ற நிபந்தனை இங்கே யாரும் வகுக்காமலே நிறைவேறிவிடுகிறது: நம் கணக்கில் அது வெள்ளி இரவு, தொழுகை முடிந்திருக்கிறது, ரோஜாவும் சந்தனத்தியும் விற்கும் குறுகிய சந்துகளில் நெருக்குண்டு, செருப்பை ஒப்படைத்துவிட்டு வருபவனுக்கு அந்தத் திறந்த முற்றமே ஒரு பெருமூச்சாக அமைகிறது. கவ்வால்கள் சன்னிதியை நோக்கி அமர்கின்றனர். அவர்களுக்கும் அடக்கத்தலத்துக்கும் இடையே ஒரு வழி மறிக்கப்படாமல் விடப்படுகிறது. கேட்போர் அதன் இரு மருங்கிலும் அமர்கின்றனர். இவ்வமைப்பின் நுட்பத்தை முதல் தடவை நாம் உணரவில்லை. பாடுபவரின் முகம் நம்மை நோக்கியதன்று. நாம் பக்கவாட்டில் இருந்து கேட்கிறோம். பாட்டு வேறொருவருக்கு முன்னிலையாகப் பாடப்படுகிறது. அதைச் செவியில் வாங்க நமக்கு அனுமதி உண்டு, அவ்வளவே. உலகின் எந்தக் கச்சேரி மண்டபத்திலும் இப்படியோர் இருக்கை முறை உண்டா என்பது ஐயம்.

ரெகுலா குரேஷி என்ற அறிஞர் கவ்வாலி பற்றி 1986 இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இம்முறையை விரிவாக விளக்கியிருக்கிறார். கேட்போருள் ஒருவர் ஓர் அடியில் உருகி நிற்பதைக் கண்டால் கவ்வால் மேலே செல்வதில்லை. அந்த அடியையே திரும்பத் திரும்பப் பாடுவார், அவர் நிலை தணியும்வரை. பாட்டின் நீளத்தை இங்கே தீர்மானிப்பவர் கேட்பவர். ஆகவே கேட்பவரைப் பாடுபவர் பார்க்க முடிந்தாக வேண்டும். இருட்டிய அரங்கில் இது நடவாது.

இவ்வளவு சொன்ன நாம் அங்குள்ள குறையையும் சொல்ல வேண்டும். ஸமாஃவுக்கு ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவர்கள் வகுத்தனவாகச் சிஷ்தி மரபு நூல்கள் பதிவு செய்யும் நிபந்தனைகள் நான்கு: பாடுபவர், கேட்பவர், பாடப்படும் பொருள், கருவி. கருவி கூடாது என்பதே அவர்தம் நிலை. இன்று அவர்கள் முற்றத்திலேயே டோலக்கும், ஐரோப்பாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்திறங்கிய ஹார்மோனியமும் ஒலிக்கின்றன. அதைக்கூட மரபின் வளர்ச்சி எனக் கொள்ளலாம். 2011 இல் வெளிவந்த 'ராக்ஸ்டார்' என்ற இந்தித் திரைப்படத்தின் பாடற்காட்சி இவ்வளாகத்தில் படமாக்கப்பட்டது. இசையமைத்தவர் நம்மவரான ஏ.ஆர். ரஹ்மான். அப்பாட்டு நல்ல பாட்டு. ஆயின் அந்தக் காட்சியைத் தேடி வருவோர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி, மறிக்கக்கூடாத அந்த வழியின் குறுக்கே நிற்பதை நாம் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறோம். பிறர் காணப் பரவசம் கொள்பவரைப் பற்றி இமாமவர்கள் எழுதிய வரி அப்போது நினைவுக்கு வந்தது. அமைதியாகக் கேட்க விரும்புவோர் அதே பகுதியிலுள்ள ஹஜ்ரத் இனாயத் கானின் தர்காவுக்கு வெள்ளி மாலை செல்லலாம். அங்கே கூட்டம் குறைவு; கவ்வாலுக்கும் நமக்கும் இடையே பத்தடிகூட இல்லை. பெண்கள் நிஜாமுத்தீன் தர்காவில் சன்னிதியின் உள்ளே அனுமதிக்கப்படுவதில்லை. இது குறித்து 2018 இல் டில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கும் தொடுக்கப்பட்டது. முற்றத்தில் அமர்ந்து பாட்டைக் கேட்க மட்டும் தடையில்லை. செவிக்கு அந்த முற்றம் தந்திருக்கும் இடம் காலுக்குத் தந்திருப்பதைவிடப் பெரிது.

வெள்ளி இரவைப் பற்றிச் சொன்னதால் கெய்ரோவைக் கடந்து செல்ல மனம் வரவில்லை. கிராமத்து இமாம் ஒருவரின் மகளாகப் பிறந்து, குர்ஆன் ஓதக் கற்றதிலிருந்து தம் உச்சரிப்பைப் பெற்ற உம்மு குல்தூம், 1930களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் மாதத்தின் முதல் வியாழன் இரவில் பாடினார். எகிப்திய வானொலி அதை அரபுலகம் எங்கும் கொண்டு சென்றது. அஸ்பகிய்யா பூங்கா அரங்கமும் பின்னர் கஸ்ருன் நீல் திரையரங்கமும் அவர் பாடிய இடங்கள். அவை மேடையும் இருக்கைகளும் கொண்ட சாதாரண அரங்குகளே. ஆயினும் ஓரடி முடிந்ததும் கேட்போர் குரல் கொடுப்பர். அவர் அதே அடியை வேறு வளைவில் மீண்டும் எடுப்பார். ஒரே பாட்டு ஒரு மணி நேரத்தையும் தாண்டும். அப்பதிவுகளைக் கேட்கும் எவரும் அரங்கின் ஆரவாரத்தைப் பாட்டிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. அரபியர் 'தரப்' என்று கூறும் நிலை பாடுபவரிடம் மட்டும் பிறப்பதன்று என்பதற்கு அவை சான்று. ஆக, சுவரும் கூரையும் எப்படியிருப்பினும் உடனிருப்போர் சரியாக அமைந்தால் இடம் சரியாகிவிடும் என்று ஒருவர் வாதிடலாம். நாமும் சில காலம் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

அந்த எண்ணத்தை மாற்றியது சென்னை. 1927 இல் இங்கு கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் பயனாக 1928 இல் தோன்றியது மியூசிக் அகாடமி. அதன் இன்றைய அரங்கம் 1962 முதல் பயன்பாட்டில் உள்ளது. மார்கழியில் அங்கே அமர்ந்திருப்போர் கேட்கத் தெரிந்தவர்கள். ராகத்தின் முதல் பிடியிலேயே தலையசைப்பவர்கள். தொடையில் தாளம் போடுபவர்கள். உடனிருப்போர் என்ற நிபந்தனை பெருமளவு நிறைவேறியே இருக்கிறது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சிற்றுண்டிச்சாலையை நோக்கி எழுந்து போகும் கூட்டத்தை மட்டும் விலக்கிவிடலாம். உணவு காத்திருக்கும் வேளை ஆகாது என்ற இமாமவர்களின் நிபந்தனை எவ்வளவு தொலைநோக்குடையது!

அத்தகைய ஓர் அரங்கில் நாகசுரம் கேட்டபோதுதான் இடத்தின் வலிமை நமக்கு விளங்கியது. ஷேக் சின்ன மௌலானா சாஹிப் அவர்களுக்கு 1998 இல் சங்கீத கலாநிதி விருதை அகாடமி வழங்கியதை நம் சமூகத்தார் பெருமிதத்துடன் நினைவுகூர்வதுண்டு. அது தக்க பெருமிதமே. ஆந்திர மண்ணில் 1924 இல் பிறந்து, தஞ்சாவூர்ப் பாணியைத் தேடிக் கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியமர்ந்து, 1999 இல் மறைந்தவர் அவர். ஆனால் அவர் கையிலிருந்த கருவி, கோயிலின் பிராகாரத்துக்கும் தேரோடும் வீதிக்கும் எனப் பிறந்தது. வானம் கூரையாக இருக்கையில் எட்டுத் தெருவுக்கு அப்பாலும் இனிக்கும் அந்நாதம், மூடிய மண்டபத்தில், அதுவும் அதன் வாயருகே ஒலிவாங்கியை நிறுத்தியபின், செவியை அறைகிறது. வாசிப்பவரின் நுண்கமகங்கள் சுவரில் மோதித் திரும்பும் தம் ஒலியிலேயே மூழ்கிப் போகின்றன. கேட்போரின் தேர்ச்சி அங்கே ஒன்றும் செய்ய இயலாது. கேட்டவர்கள் நல்லவர்கள், வாசித்தவர் மேதை, காலம் மார்கழி. இடம் மட்டும் பொருந்தவில்லை.

இதற்கு ஒரு பௌதிகக் காரணமும் உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், பேச்சு ஒரு சொல்கூடப் புரியாத விரிவுரை மண்டபம் ஒன்றைச் சீர்செய்யுமாறு 1895 இல் பணிக்கப்பட்ட வாலஸ் சபைன், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்கி, ஒலி எவ்வளவு நேரம் தங்கி அடங்குகிறது என்று அளந்தார். மெத்தை கூடக்கூட எதிரொலி அடங்கும் நேரம் குறைந்தது. அமர்ந்திருக்கும் மனித உடலும் அவ்வாறே ஒலியை உண்கிறது என்பதையும் அவர் கண்டார். அவ்வறிவைக் கொண்டு கட்டப்பட்ட பாஸ்டன் சிம்பனி ஹால் 1900 இல் திறக்கப்பட்டது. இன்றும் உலகின் மிகச் சிறந்த இசையரங்குகளுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. நமக்கு இதில் சுவையாகப் படுவது வேறொன்று. கேட்பவரும் கட்டடத்தின் ஒரு பகுதியே என்கிறது சபைனின் கணக்கு. ஜுனைத் (ரஹ்) தனித்தனியாக எண்ணிய இடமும் உடனிருப்போரும் அங்கே ஒரே சமன்பாட்டுக்குள் வந்துவிடுகின்றன.

இனி நம் சொந்தப் பாட்டுக்கு வருவோம். தமிழ் முஸ்லிமின் பாட்டு எங்கே அமர்ந்து கேட்கப்பட்டது? நாகூரில் ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்களின் தர்காவில், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங் எழுப்பிய உயர்ந்த மனாராவின் நிழலில், கந்தூரி நாட்களில் பக்கீர்கள் தாயிராவைத் தட்டிப் பாடுவதைக் கேட்டிருக்கிறோம். கர்நாடக இசையில் முறையான பயிற்சியுடைய எஸ்.எம்.ஏ. காதர் அவர்கள் அந்தத் தர்காவின் வித்வானாக விளங்கினார். கடற்கரைப் பட்டினங்களில் ராத்திபும் பைத்தும் பள்ளிகளிலும் தைக்காக்களிலும் கூட்டாக ஓதப்படுகின்றன. ஆனால் அங்கே பாடுபவர், கேட்பவர் என்ற பிரிவு இல்லாமையால் அவற்றை இக்கணக்கில் சேர்க்கவில்லை. பாட்டைக் கேட்பதற்கென்றே ஆயிரக்கணக்கில் நம் மக்கள் கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். அது தெரு.

ஆம், இமாமவர்கள் விலக்கிய அதே தெரு. மீலாது விழாவென்றால் தெருவின் ஒரு முனையில் மேடை, குறுக்கே கட்டிய குழல்விளக்குகள், தரையில் விரித்த ஜமக்காளம், தென்னை மரத்திலும் மின்கம்பத்திலும் கூம்பு ஒலிபெருக்கி. 'இசைமுரசு' நாகூர் ஈ.எம். ஹனிபா அவர்கள் (1925–2015) ஆண்டது இந்த அரசைத்தான். ஒலிவாங்கி பழுதானாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் அவருடையது என்பதை அவரைக் கேட்டவர் எல்லோரும் சொல்வர். அக்குரலின் அழகைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அக்குரலைத் தெருவே வடித்தது என்பதை எவரும் எழுதக் காணோம். உச்சத்தில் எடுத்து அங்கேயே நிறுத்தும் முறை, ஒவ்வொரு சொல்லையும் கல்லில் வெட்டியதுபோல் உச்சரிக்கும் முறை, நுண்சங்கதிகளைக் குறைத்துச் சொல்லை முன்னிறுத்தும் முறை: இவை யாவும் திறந்த வெளியில், பேச்சரவத்துக்கும் பேருந்து இரைச்சலுக்கும் மேலாகத் தன்னைக் கேட்கச் செய்ய வேண்டிய ஒருவரின் கலை நுணுக்கங்கள். அரசியல் மாநாட்டுப் பந்தல்களில் அதே குரல் அதே முறையில் செல்லுபடியானதும் இதனால்தான். அரங்கில் வளர்ந்திருந்தால் ஹனிபா வேறொரு பாடகராகியிருப்பார், ஒருவேளை சிறியவராக.

தெருவில் வேறொரு நன்மையும் இருந்தது. மேடைக்கு முன் ஜமக்காளத்தில் அமர்ந்தோர் ஆண்கள். பெண்கள் மொட்டைமாடியிலும் சன்னலோரத்திலும் திண்ணைத் திரைக்குப் பின்னாலும் இருந்தனர். நாம் அனைவரும் வசைபாடும் அந்தக் கூம்பு ஒலிபெருக்கி, அவர்கள் இருந்த இடத்தையும் கேட்கும் இடமாக்கியது. நம் வீட்டு மூதாட்டி ஒருவருக்கு ஹனிபாவின் பாடல்கள் பாதிக்கு மேல் மனப்பாடம். தம் வாழ்நாளில் அவர் மேடையொன்றின் முன் அமர்ந்ததே இல்லை. இமாமவர்கள் தெருவை விலக்கியதற்குக் காரணம் அங்கே உள்ளம் சிதறும் என்பது. ஊரே வேலையை நிறுத்தி, தெருவை மறித்து, அதைக் கூடமாக்கிவிட்ட இரவில் அக்காரணம் நில்லாது என்று நாம் கருதுகிறோம்.

அந்தத் தெரு இப்போது இல்லை. 2000 இல் நடைமுறைக்கு வந்த ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளும், அவற்றை வலியுறுத்தி 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்தன. ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தும் உரிமை மட்டும் மாநில அரசுகளுக்கு உண்டு. இவ்விதியை நாம் குறை கூறவில்லை. நோயாளிக்கும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் உறக்கமும் அமைதியும் உரிமை. அவர்களை மறந்து நம்மவர் பலர் விடிய விடியக் கத்தியதும் உண்மை. ஆயின் அவ்விதி மூடிய மண்டபங்களுக்கு விலக்களிக்கிறது. பாட்டு தெருவிலிருந்து கூடத்துக்குள் போக வேண்டும் என்பதே அதன் விளைவு. கூடம் உடையவர் உள்ளே சென்றனர். மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் சபாக்கள் இருந்தன. அங்குள்ள இசையின் மூடுண்ட நிலையை எதிர்த்து, டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் 2015 முதல் பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் மீனவர் குப்பத்தில் கடற்காற்றில் விழா எடுத்தனர். கூடத்தில் இருந்தவர் தெருவுக்கு வந்தார். அவரே 2018 நவம்பரில், அல்லாஹ்வையும் இயேசுவையும் பாடுகிறார் என்ற கூச்சலுக்கு இலக்காகி, டில்லிப் பூங்கா ஒன்றில் நிகழவிருந்த தம் கச்சேரியை இழந்தார். டில்லி அரசு 17ஆம் தேதி வேறொரு பூங்காவில் அவரைப் பாடச் செய்தது. தெருவிலிருந்த நமக்கோ போவதற்குக் கூடம் இல்லை.

இல்லையென்று சொல்லலாமா? நம் ஊர்களில் கல்யாண மஹால் இல்லாத ஊர் எது? வெளிநாட்டு உழைப்பில் எழுந்த, பளிங்குத் தரையும் குளிரூட்டமும் கொண்ட மண்டபங்கள் எத்தனை! அவற்றுள் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் இஸ்லாமியத் தமிழ்ப் பாடல் நிகழ்ச்சியொன்றைக் கேட்க நேர்ந்தது. தரை பளிங்கு, சுவர்கள் ஒன்றையொன்று நேர் எதிராக நோக்கும் வழுவழுப்பான பூச்சு, கூரை தட்டை, திரையோ விரிப்போ எங்கும் இல்லை. சபைன் வரும் முன் இருந்த அந்த விரிவுரை மண்டபம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். குணங்குடி மஸ்தான் சாஹிபின் பாடலை இளைஞர் ஒருவர் உள்ளம் கரைந்து பாடினார். நமக்குக் கேட்டவை உயிரெழுத்துகள் மட்டுமே. ஒலி சரியில்லை என்று கண்டதும் ஒலியமைப்பாளர் அதை இன்னும் கூட்டினார். முன்வரிசையில் சோபாக்கள் இடப்பட்டிருந்தன. பாட்டின் நடுவே சிறப்பு விருந்தினர் வந்தார்; பாட்டு நின்றது; பொன்னாடை போர்த்தப்பட்டது; பாட்டு தொடர்ந்தது; பிறகு இன்னொருவர் வந்தார். கவனித்துக்கொண்டே இருக்க வேண்டிய செல்வரைப் பற்றி இமாமவர்கள் எழுதியிருப்பதை அன்றுதான் நாம் முழுமையாக விளங்கிக்கொண்டோம். பெண்களுக்கு மாடியில் ஓர் அறை; அங்கே பாட்டைக் காட்டத் தொலைக்காட்சி வைக்கப்பட்டிருந்தது, ஒலி வரவில்லை என்று இல்லத்தார் பின்னர் கூறினர். தெருவில் கேட்டவர்கள் கூடத்தில் கேட்கவில்லை.

புதிய பாடகர்கள் இல்லை, ஹனிபாவோடு எல்லாம் போயிற்று என்ற புலம்பலை ஒவ்வொரு விழா மலரிலும் படிக்கிறோம். நமக்கு அதில் உடன்பாடில்லை. அந்த இளைஞரிடம் குரல் இருந்தது. தெருவில் பாடும் முறையை அவருக்குக் கற்றுத்தரத் தெரு இல்லை. கூடத்தில் பாடும் முறையைக் கற்றுத்தரக் கூடம் இல்லை. ஆகவே அவர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போகிறார். கேட்பவர் முகம் காணாமல், ஓர் அடியை ஒருமுறை மட்டும் பாடி வருகிறார். ஒரு மஹாலின் சுவரில் கனத்த திரை தொங்கவிடவும், தரையில் பாய் விரிக்கவும், சோபாவை அகற்றவும், நூற்றைம்பது பேருக்கு மேல் உள்ளே விடாதிருக்கவும் ஆகும் செலவு, நம் திருமணங்களில் வாசல் தோரணத்துக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

நாம் கேட்டவற்றுள் நிறைவானது எது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. டில்லி முற்றத்தை அவர்கள் எதிர்பார்ப்பர். கடற்கரைப் பட்டினம் ஒன்றில், வானம் பார்த்த முற்றமும் அதைச் சுற்றி மரத்தூண்களும் கொண்ட பழைய வீட்டில் கேட்ட ஒரு கிஸ்ஸாப் பாட்டைச் சொல்வோம். இஷாவுக்குப் பின், அறுபது பேர் இருக்கலாம். பாடியவர் எழுபது வயதைக் கடந்த முதியவர். ஒலிவாங்கி இல்லை. நாற்புறமும் தாழ்ந்த ஓட்டுக் கூரை குரலைச் சிதறவிடாமல் நடுவில் கூட்டித் தந்தது. மிஞ்சியது வானத்துக்குப் போயிற்று. தூண்களுக்குப் பின்னால் பெண்கள் இருந்தனர். ஒரு கட்டத்தில் அங்கிருந்து, இன்னொரு தரம் சொல்லுங்க வாப்பா, என்று ஒரு குரல் வந்தது. முதியவர் சிரித்துக்கொண்டு அந்த அடியை மீண்டும் எடுத்தார். மூன்று முறை எடுத்தார்.

அவ்வீட்டுக்குச் சென்ற ஆண்டு போயிருந்தோம். மழைக்கும் தூசிக்கும் அஞ்சி முற்றத்தைத் தகடு போட்டு மூடியிருக்கிறார்கள். வெயில் காலத்தில் அதனடியில் உட்கார முடிவதில்லை என்று வீட்டுக்காரர் சொன்னார்.